அப்பாவின் துப்பாக்கியைக் கொடுத்த நாள்

(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: ஐயா, என் கணவர் போன மாசியில் தவறிவிட்டார். அவருடைய பீரோவில் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி, இரண்டு பெட்டி தோட்டா, பதினொரு கத்திகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எல்லாவற்றையும் கூடத்தில் பழைய போர்வை விரித்துப் பரப்பி, எண்ணெய் போட்டுத் துடைப்பார். கனடாவில் இருக்கும் மகன், "எல்லாவற்றையும் போலீஸில் கொடுத்துவிடுங்கள் அம்மா" என்கிறான். எனக்கு மனம் வரவில்லை. அப்படியே வைத்துக்கொண்டால் தவறா?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். போர்வை விரித்துத் துடைப்பார் என்று எழுதியிருந்தீர்களே, அந்த எண்ணெய் வாசனை எனக்கு இங்கே அடித்தது. எங்கள் வீட்டிலும் ஒரு போர்வை இருந்தது. மனசைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் துப்பாக்கி. அதற்கு நாள் கணக்கு இருக்கிறது.

லைசென்ஸ் என்பது ஆளுக்குக் கொடுப்பது. ஆள் போனதும் அது முடிந்துபோகிறது. கணவர் பெயரில் இருந்தது மனைவிக்குத் தானாக வந்துவிடாது. இன்றைய தேதியில் உங்கள் பீரோவில் இருப்பது, 1959 ஆயுதச் சட்டத்தின் பார்வையில், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. நீங்கள் அதைத் தொடக்கூட இல்லை என்பது கணக்கில் வராது. அதனால் இந்த வாரமே லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ், உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம், மூன்றையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள். துப்பாக்கியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். காகிதத்தோடு போய் விஷயத்தைச் சொல்லுங்கள். எப்படிக் கொண்டுவர வேண்டும் என்பதை அவர்கள் சொல்லட்டும். அதுவரை யாரும் அதைக் கையில் எடுக்க வேண்டாம். "தோட்டா உள்ளே இருக்கிறதா என்று பார்க்கிறேன் அத்தை" என்று வரும் பக்கத்து வீட்டுப் பையனைக் கண்டிப்பாக விடாதீர்கள். தோட்டாப் பெட்டிகளையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும்.

இனி உங்கள் மகன் சொன்னது. ஒப்படைப்பது வேறு, இழப்பது வேறு அம்மா. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, லைசென்ஸ் போன துப்பாக்கியை ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ வைக்கச் சொல்கிறது. வைத்த பிறகும் அது உங்கள் சொத்துதான். லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு விற்கலாம். வாரிசு என்ற முறையில் நீங்களே லைசென்ஸுக்கு விண்ணப்பித்துத் திரும்ப வாங்கவும் 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. ஆனால் உரிய காலத்துக்குள் எதுவும் செய்யாமல் விட்டால், அரசே எடுத்துக்கொள்ள உத்தரவு போட முடியும். அங்கேதான் பல குடும்பங்கள் கோட்டை விடுகின்றன.

ரசீது முக்கியம். செய்த கம்பெனி, துப்பாக்கியில் வெட்டியிருக்கும் எண், போர் (குழல் வாயின் அளவு), தோட்டா எத்தனை, தோளில் வைக்கும் மரக்கட்டையில் கீறல் இருந்தால் அதுவும், எல்லாம் எழுதி வாங்குங்கள். தேர்தல் வந்தால் துப்பாக்கிகளைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் வைத்துவிட்டு, முடிந்ததும் வாங்கிவருவது எங்களுக்குப் பழக்கம்தான். ஒரு முறை மழைக்காலத்தில் திரும்பி வந்தபோது குழல் முழுக்கச் செம்புள்ளி. அதைத் தேய்த்து எடுக்க அப்பாவுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அதற்கப்புறம் நன்றாக எண்ணெய் பூசி, ரசீதில் "துரு இல்லை" என்று எழுதி வாங்காமல் அவர் நகரமாட்டார்.

அந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்கிறேன். உங்களுக்கு உதவும்.

அப்பா வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. ஊருக்குத் திரும்பிப் போன துரை ஒருவர் அவருக்கு விற்றுவிட்டுப் போனது அந்தப் பன்னிரண்டு போர் இரட்டைக்குழல். பர்மிங்காமில் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் கம்பெனி செய்தது. மேலே இருக்கும் நெம்புகோலை வலப்பக்கம் தள்ளினால் குழல் மடிந்து இறங்கும். திரும்பப் பூட்டும்போது கேட்கும் அந்தச் சத்தத்தை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. கட்டையில் அப்பாவின் கன்னம் படும் இடத்தில் மட்டும் பாலிஷ் போய் மரம் வெளுத்திருக்கும். 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு அவர் காட்டில் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. துடைப்பதை மட்டும் விடவில்லை.

2019 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. கூடுதலாக இருப்பதை ஒப்படைக்க ஒரு வருடம் கொடுத்தார்கள். என் லைசென்ஸில் மூன்று இருந்தன: அப்பாவுடையது, ரைஃபிள் கிளப்பில் நான் சுட்ட பாயிண்ட் டூ டூ பி.எஸ்.ஏ. ரைஃபிள், மாமனார் வழியில் வந்த ஒரு ஒற்றைக்குழல். வீட்டில் எல்லோரும் ஒற்றைக்குழல்தான் போகும் என்று நினைத்தார்கள். நான் அப்பாவுடையதைக் கொடுத்தேன்.

ஏன் என்றால், மற்ற இரண்டும் யார் கைக்குப் போனாலும் எனக்குத் தூக்கம் வரும். இது யாரிடம் போகிறது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கு அப்போதே எழுபது. என் மகளுக்கு இதில் நாட்டமில்லை, அது அவள் உரிமை. நான் போன பிறகு அவள் உங்களைப் போல ஒரு கடிதம் எழுத வேண்டிவரும் என்ற நினைப்பே என்னை உலுக்கிவிட்டது.

முதலில் ஒரு கடையில் கேட்டேன். அந்த வருடம் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வந்ததால், ஆறாயிரம் என்றார்கள். குழலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பணம் எனக்குப் பெரிதில்லை, ஆனால் பார்க்காமல் விலை சொன்னது வலித்தது. திரும்பி வந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் வந்தார். பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் உள்ளவர். வந்தவர் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாகக் குழலை மடித்து, காலியா என்று பார்த்தார். அப்புறம் குழலைக் கழற்றி, அடிப்பக்கத்தில் பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரைகளைத் தேடினார். நவீன வெடிமருந்து போட்ட தோட்டாவை அந்தக் குழல் தாங்குமா என்பதை அந்த முத்திரைதான் சொல்லும். முறுக்கு இரும்பில் செய்த பழைய குழல் என்றால் பெரும்பாலும் பழங்காலக் கரிமருந்துதான். அதைத் தேடத் தெரிந்தவர் என்று கண்டதுமே நான் முடிவு செய்துவிட்டேன்.

தனி ஆள் தனி ஆளுக்கு விற்பதென்றால், கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 45 நாளை எனக்குக் கிடைத்த கொடை என்றே சொல்வேன். தினமும் ராத்திரி ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். வலக்குழலின் வாய் அகலமானது, ஈய ரவை சீக்கிரம் விரியும். இடக்குழல் வாய் குறுகியது, தூரத்துக்கு. இடக்குதிரை, அதாவது இடக்குழலின் விசை, கொஞ்சம் கனம். கட்டையின் அடியில் இருக்கும் வெட்டு 1966இல் ஜீப்பிலிருந்து விழுந்தது. இப்படி எனக்குத் தெரிந்தது அத்தனையும். கொடுக்கும் நாளில் நோட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு பீரோவைத் திறந்து அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதனால் உங்களுக்குச் சொல்வது இதுதான்: ஸ்டேஷனில் வைத்துவிட்டு, அந்த அவகாசத்துக்குள் கணவரின் நண்பர்களில் லைசென்ஸ் உள்ளவர் யார் என்று விசாரியுங்கள். கனடாவில் இருக்கும் மகன் இங்கே ஒரு துப்பாக்கிக்கு லைசென்ஸ் எடுத்துப் பராமரிப்பது நடக்கிற காரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பார்த்ததை எழுதிவையுங்கள். வாங்குகிறவருக்கு அது வேண்டும்.

கத்திகளுக்கு அவசரம் இல்லை. ஆனால் தோல் உறையிலிருந்து எல்லாவற்றையும் உடனே வெளியே எடுங்கள். தோலில் ஈரமும் பதனிட்ட மருந்தும் தங்கும், கோத்தகிரிக் குளிருக்கு ஒரே வருடத்தில் இரும்பைத் தின்றுவிடும். லேசாக எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றி, உறையைத் தனியாக வையுங்கள். கூர்க்காக்களின் வளைந்த கத்தியான குக்ரி இருந்தால், உறையோடு பெரும்பாலும் ஒரு சின்னக் கத்தியும், தீட்டுவதற்கான மழுங்கிய ஒன்றும் இருக்கும். அவை பிரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் சித்தப்பா டேராடூனில் ஒரு கூர்க்கா சிப்பாயிடம் வாங்கியதில் ஒன்று தொலைந்து, இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

நான் என் ஏழு கத்திகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். குடகில் வாங்கிய பீச்சேகத்தியை, கல்யாணத்தில் அதை இடுப்பில் செருகும் ஒரு கொடவப் பையனுக்கு. திருப்பாச்சேத்தி அரிவாளை எங்கள் தென்னந்தோப்பு ஆளுக்கு. அவர் அதை வேலைக்கு எடுத்தது எனக்கு நிறைவாக இருந்தது. கத்தியைக் கையோடு கை கொடுக்கக் கூடாது என்பார் அம்மா. அதனால் மேசையில் வைத்தேன், அவர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள். அந்த ஏழு நாணயங்களும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. உங்கள் மகன் ஊருக்கு வரும்போது பதினொன்றில் ஒன்றை அவரே எடுக்கட்டும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: பழைய வீட்டை இடிக்கும்போது பரணில் இரண்டு வாள், ஒரு கட்டாரி, வளரி (எறியும் வளைதடி) மாதிரி வளைந்த ஒரு இரும்பு கிடைத்தன. பழைய இரும்புக்காரர் கிலோ கணக்கில் கேட்கிறார். கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், சிவகங்கை

பதில்: கொடுக்காதீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். 1801இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு உங்கள் சீமையில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிக் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) பறித்துக்கொண்டது. அதற்குத் தப்பிப் பரணில் மிஞ்சியது எதுவாக இருந்தாலும் அது அருமையானது. துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்தோ பொன் வேலைப்பாடோ இருந்தால் துருவோடு போய்விடும். துணியில் சுற்றி வையுங்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்டது என்றால் 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டம் பொருந்தும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிவகங்கையிலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. நேரில் போய்க் காட்டுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களைப் பார்த்திருக்கிறீர்களா? கட்டாரி மட்டும் எத்தனை வகை! ஒரு நடை போய் வாருங்கள், பரணில் கிடைத்தது என்னவென்று உங்களுக்கே ஓரளவு பிடிபடும்.

கேள்வி: மடக்குக் கத்திகள் சேர்க்கிறேன். எந்த அளவு வரை சட்டம் அனுமதிக்கிறது?
— ஒரு கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: தம்பி, ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு என்றால் ஆயுதச் சட்டத்தின் பட்டியலில் வரும். சமையல், விவசாயம் போன்ற வேலைக்கென்று செய்தவை விலக்கு. அளவு குறைவு என்பதற்காகப் பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போகாதே. பூட்டு விழாத மடக்குக் கத்தி விரலை வெட்டும், வாங்கும்போது அதைப் பார். ஒவ்வொன்றும் எங்கே, எப்போது, யாரிடம் வாங்கியது என்று இன்றைக்கே ஒரு நோட்டில் எழுத ஆரம்பி. நான் அறுபத்தொன்பது வயதில்தான் ஆரம்பித்தேன், பாதி மறந்துபோயிருந்தது.