குன்சும் கணவாய்க்குப் பிக்கப்பில்: கொல்லிமலையில் வந்த பிரேக் வாடை சொல்லும் பாடம்

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து நான்கு பேர், மேனுவல் கியர் உள்ள 4×4 டீசல் பிக்கப்பில் செப்டம்பர் கடைசியில் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போகிறோம். மணாலியில் ஒரு இரவு, மறுநாள் சந்திரதால் ஏரிப் பக்கம் கூடாரம், அதற்கடுத்த நாள் குன்சும் கணவாய் தாண்டி ஸ்பிதியிலுள்ள காசா ஊர் என்று திட்டம். வண்டிக் கூரையில் ரூஃப் டென்ட் மாட்டப் போகிறோம். போன மாதம் கொல்லிமலையில் இறங்கும்போது பிரேக் கருகும் வாடை வந்தது. பேட் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார் மெக்கானிக். வண்டியில் என்னவெல்லாம் மாற்ற வேண்டும்?

பதில்: வண்டியில் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். முதலில் மாற்ற வேண்டியது போகும் திசை.

மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம். சந்திரதால் சுமார் 4,250. உங்கள் திட்டப்படி ஒரே பகலில் 2,200 மீட்டர் ஏறி அங்கேயே தூங்குகிறீர்கள். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், முந்தைய இரவு தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் தூங்கக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவான கணக்கு. அந்த இரவில் ஒருவருக்குத் தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால், உடனே கீழே இறக்குவதுதான் வைத்தியம். சந்திரதாலிலிருந்து இறங்குவதென்றால் இருட்டில் ஒற்றை வண்டிப் பாதையில் பாட்டல் என்ற இடம் வரை 14 கிலோமீட்டர், பிறகு மணாலிப் பக்கமுள்ள கிராம்பூ வரை கல்லும் ஓடையுமாக இன்னும் 50 கிலோமீட்டர். எந்த 4×4 வண்டியும் அதை வேகமான பயணமாக்கித் தராது.

அதனால் சிம்லா பக்கமாகப் போங்கள். நார்கண்டாவில் ஒரு இரவு (2,700), கல்பாவில் ஒன்று (2,960), டாபோவில் ஒன்று (3,280), காசாவில் இரண்டு (3,650). காசாவில் தங்கும் நாளில் பகலில் லாங்சா, ஹிக்கிம் என்று 4,400 மீட்டர் வரை ஏறி, இரவுக்குக் கீழே வந்துவிடுங்கள். பிறகு கணவாய்க்கு முந்தைய ஊரான லோசர் வழியாகக் குன்சும் ஏறி, சந்திரதாலைக் கடைசி இரவாக வையுங்கள். அந்த ஓர் இரவு 500 மீட்டர் கணக்கைக் கொஞ்சம் தாண்டும், ஆனால் உங்கள் திட்டத்தின் 2,200 மீட்டர் அல்ல, 600தான். மறுநாள் மணாலி. உயரத்தால் வரும் மலை நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்பதைக் கிளம்பும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

இந்தத் திசையில் இன்னொரு லாபமும் உண்டு. சந்திரதால் பிரிவு குன்சுமுக்கும் பாட்டலுக்கும் நடுவில் இருக்கிறது. காசாவிலிருந்து வந்தால், ஏரிக்குப் போகும்போதே கணவாயைத் தாண்டிவிட்டிருப்பீர்கள். இரவில் பனி கொட்டினால் மிச்சமிருப்பது இறங்குகிற பக்கம் மட்டும். கொட்டுமா என்று கேட்காதீர்கள். 2018 செப்டம்பரில் கொட்டியது. 2023 ஜூலையிலேயே கொட்டி, சந்திரதாலில் இருநூறு பேருக்கு மேல் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள்.

இனி பிரேக்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கியிருக்கிறீர்கள். மெக்கானிக் சொன்னது சரிதான், பேட் தேய்ந்திருக்காது. அது சூடானதுதான் சிக்கல். சாமானும் ஆளுமாக 2,500 கிலோ வருகிற வண்டி குன்சுமிலிருந்து பாட்டல் வரை சுமார் 600 மீட்டர் இறங்குகிறது. இதில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ நான்கு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒரு கிலோவாட் இஸ்திரிப் பெட்டியை நான்கு மணி நேரம் விடாமல் எரிய விட்டால் எவ்வளவு சூடோ, அவ்வளவு. இதை எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காவிட்டால் முழுக்க டிஸ்க்குக்கும் டிரம்முக்கும்தான் போகும்.

ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்படுமோ அதே கியரில், முடிந்தால் அதற்கும் ஒன்று கீழே, இறங்க வேண்டும். கியரை இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். பாதி இறக்கத்தில் கிளட்சை மிதித்து கியர் தேடினால் அந்த இரண்டு நொடியில் வண்டி வேகம் பிடித்துவிடும். பாட்டல் பக்கம் இறங்கும்போது 4 லோ (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் நிலை), இரண்டாவது கியர் போதும். மிகச் செங்குத்தான வளைவுக்கு முதல் கியர். அப்படியும் வேகம் ஏறினால் பிரேக்கை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விடுங்கள். லேசாக மிதித்தபடியே வருவதுதான் பேடைக் கருக்குகிறது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய டீசல் எஞ்சினில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் இன்ஜெக்டர் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் செலவாகிறது.

வாடை வந்தால் பெடல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடேறிப் பிடியை இழந்திருக்கிறது. ஆறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெடல் பஞ்சுபோல உள்ளே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. ஆறிய பிறகு பெடல் திரும்ப வந்தாலும் அந்த ஆயிலை நம்பக் கூடாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 (DOT 4) தர ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை தாங்கும். ஈரம் ஏறியதற்குத் தரக் கணக்கு 155 டிகிரிதான். கடைசியாக மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் கிளம்பும் முன் முழுதாக மாற்றச் சொல்லுங்கள், மேலே ஊற்றி நிரப்புவது போதாது. எந்த வகையாக இருந்தாலும், வழியில் சூடாகிவிட்டால் சமதளத்தில் நிறுத்தி, கியரில் விட்டு, டயருக்குக் கல் வைத்து அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும். கொதிக்கிற டிரம்மில் ஹேண்ட் பிரேக்கும் இழுக்காதீர்கள்.

இன்னொரு விஷயம், பலர் மேலே போய்த்தான் உணர்கிறார்கள். நாம் மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டர் வேலை செய்வது வெளிக்காற்றின் அழுத்தத்தால். குன்சும் சுமார் 4,550 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 57 சதவீதம்தான். அதனால் பெடலை அதிக பலத்தோடு மிதிக்க வேண்டியிருக்கும். அது பழுதல்ல.

இதே காரணத்தால் ஏற்றத்திலும் டர்போ பிடிக்கும் முன் எஞ்சின் செத்த மாதிரி இருக்கும். கொண்டை ஊசியில் இரண்டாவது கியரில் 1,200 ஆர்.பி.எம்முக்கு விழுந்தால் ஆஃப் ஆகிவிடும், அல்லது அரை கிளட்சில் சமாளித்துக் கிளட்ச் பிளேட்டைக் கருக்குவீர்கள். 4 லோ போட்டு 1,800க்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்று, நியூட்ரலில் இருக்கும்போதுதான் 4 லோ மாற்ற வேண்டும். தார் போட்ட துண்டுகள் வந்தால் 2 வீலுக்குத் திரும்புங்கள். முன், பின் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் சென்டர் டிஃபரென்ஷியல் உங்கள் வண்டியில் இல்லையென்றால், காய்ந்த தாரில் 4 வீலில் வளைத்தால், எஞ்சின் சக்தியை முன்னும் பின்னும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகிக்கொள்ளும்.

டயர் காற்றைப் பற்றி வழக்கமாக ஒரு பயம் உண்டு: உயரம் போகப் போக டயர் உப்பிவிடும் என்று. கோவையில் 33 டிகிரி வெயிலில் 34 பி.எஸ்.ஐ. பிடித்த டயர், குன்சுமில் 5 டிகிரிக் காலையில் கேஜில் சுமார் 35 காட்டும். வெளிக்காற்று குறைந்து கூட்டியதைக் குளிர் கழித்துவிடுகிறது. லோசரைத் தாண்டிக் கல் பாதை தொடங்கியதும் முன்னால் 26, சுமையுள்ள பின்னால் 28 என்று இறக்கிவிடுங்கள். அதற்கும் கீழே போனால் கூர்க்கல்லில் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டயர் நசுங்கிப் பக்கவாட்டில் கிழியும். காற்று குறைந்திருக்கும்வரை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். கம்ப்ரஸரை பேட்டரி டெர்மினலில் நேராகக் கிளிப் போடுகிறதாக வாங்குங்கள். லைட்டர் சாக்கெட் வகை இந்தச் சைஸ் டயருக்கு ஃபியூஸைத்தான் போக்கும்.

பாட்டலுக்கும் கிராம்பூவுக்கும் நடுவே ஓடைகள் குறுக்கே ஓடும். பனிப்பாறை உருகி வருகிற தண்ணீர். காலையில் கணுக்கால் அளவு இருப்பது மூன்று மணிக்கு முழங்காலுக்கு வந்துவிடும். சந்திரதாலிலிருந்து காலை ஏழு மணிக்குள் கிளம்புங்கள். முழங்காலுக்கு மேல் ஓட்டம் இருந்தால் காத்திருப்பதுதான் வழி. இறங்கினால் 4 லோ முதல் கியரில் ஒரே வேகம், நடுவில் கியர் மாற்றாமல், கிளட்சைத் தொடாமல். நடுவில் எஞ்சின் நின்று, ஏர் ஃபில்டர் வரை தண்ணீர் போயிருக்கும் என்று சந்தேகம் வந்தால் ஸ்டார்ட் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். கரையேறியதும் லேசாக பிரேக் மிதித்தபடி நூறு மீட்டர் ஓட்டி டிரம்மைக் காய வையுங்கள். பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓட்டலாம் என்று நான் சொல்லும் ஒரே இடம் இதுதான்.

ரூஃப் டென்ட் 50, 60 கிலோ வரும். அதைக் கேபின் கூரையில் மாட்ட வேண்டாம். பின்னால் தொட்டியின் மேல் கேபின் உயரத்தைத் தாண்டாத ஸ்டாண்டில் மாட்டுங்கள். பக்கச் சரிவில் வண்டி சாய்வதைத் தீர்மானிப்பது எடை எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். ஓடும்போது ரேக் தாங்கும் எடையும் நிற்கும்போது தாங்கும் எடையும் வேறு வேறு, இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையில் காலி வண்டியின் எடையைக் கழித்துப் பாருங்கள். நான்கு பேரும் டென்டும் போக மிச்சம் ஆச்சரியப்படுத்தும் அளவுக்குச் சிறியது. அதில் 20 லிட்டர் டீசல் கேனுக்கு இடம் தர வேண்டியதில்லை. காசாவில் பங்க் இருக்கிறது; அங்கிருந்து மணாலி சுற்றி வளைத்தாலும் 230 கிலோமீட்டர். லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கொடுத்தாலும் 70 லிட்டர் டேங்க் தாராளம். அந்த எடைக்கு மண்வெட்டி, இழுவைப் பட்டை, அதை மாட்ட இரண்டு ஷாக்கிள் வளையம், மணலில் போடும் பலகை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையை டிரெய்லர் உருண்டையில் மாட்டி இழுக்கவே கூடாது. அறுந்தால் உருண்டை குண்டுபோலப் பறக்கும். சாட்டிலைட் போன் எடுத்துப் போகலாமே என்று யாராவது சொன்னால், தொலைத்தொடர்புத் துறை அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம்.

ஏரிக்கரையில் கூடாரம் போட அனுமதி இல்லை. 2005 முதல் அது ராம்சர் (சர்வதேச முக்கியத்துவம் பெற்ற) ஈரநிலம். ஏரிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் முன்னால் இருக்கிற முகாம்களில் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். காய்ந்த ஓடைத் தடத்திலோ கல் சரியும் சரிவின் அடியிலோ நிறுத்தாதீர்கள். இரவு வண்டியை கியரில் விட்டு நிறுத்துங்கள்: மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ். 4 வீலில் விட்டால் நான்கு டயரும் பிடிக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் நின்றுவிட்டால் கியர் போட்டும் பலனில்லை, சரிபாருங்கள். ஓடை தாண்டி வந்த நாளில் ஹேண்ட் பிரேக்கை இரவு முழுக்க இழுத்து வைக்காதீர்கள். டிரம்முக்குள் இருக்கும் ஈரம் உறைந்து, காலையில் பின் டயர் சுற்றாது. கல்லும் கியரும் போதும்.

4,250 மீட்டரில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதிக்கும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. பியூட்டேன் மட்டும் உள்ள சிறு கேன் அடுப்பு கடுங்குளிரில் சரியாக எரியாது, ஐந்து கிலோ சிலிண்டர் எடுத்துப் போங்கள். எவ்வளவு குளிராக இருந்தாலும் சமையல் வெளியில்தான். கூடாரத்துக்குள்ளோ மூடிய கேனோபிக்குள்ளோ அடுப்பையோ கரியையோ வைத்து மூடிக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். எஞ்சினை ஓட விட்டு ஹீட்டர் போட்டுத் தூங்குவதும் அப்படித்தான். பூஜ்ஜியத்துக்குக் கீழே 10 டிகிரி வரை தாங்கும் தூக்கப்பை ஆளுக்கு ஒன்று வாங்கிவிடுங்கள். டென்டில் போடும் காசைவிட அதில் போடுவது மேல்.