அப்பாவுக்கு சால்பூட்டமால் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்

தம்பி, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ள அப்பாவுக்கு, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் இன்ஹேலரில் பஃப் எடுத்தால் கைநடுக்கமும் படபடப்பும் வருகிறது, ஆடாதோடைக் கஷாயத்துக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறாதீர்கள். கஷாயம் சளியை இளக்கலாம். மூச்சு முட்டும்போது அதை நம்ப முடியாது.

டியோட்ரோபியம் என்ற இன்னொரு இன்ஹேலர் மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள். தினம் ஒருமுறை இழுத்தால் 24 மணி நேரம் தாங்கும், நடுக்கம் வருவது அபூர்வம். வாய் வறளும். புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்தம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவசரத்துக்கு அது உதவாது, பழைய சால்பூட்டமால் இன்ஹேலர் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

அப்புறம், ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போகும்போது இன்ஹேலரையும் கொண்டுபோய், அப்பா இழுப்பதை டாக்டர் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். பலர் அமுக்கி முடித்த பிறகுதான் இழுக்கிறார்கள். மருந்து தொண்டையோடு நின்றுவிடும். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரைக்குள் அவரை இனி விடவே வேண்டாம்.