முதுகு வலிக்கு மெத்தையின் மேல் டாப்பர் போட்டால் உதவுமா? எதைத் தேர்ந்தெடுப்பது?

உங்களுக்கு வயது 48. புதுச்சேரியில் ஆறு ஆண்டுகளாக ஒரே தேங்காய் நார் மெத்தையில் படுக்கிறீர்கள். காலையில் எழும்போது கீழ் முதுகு பிடித்துக்கொள்கிறது, குளித்து முடிப்பதற்குள் விட்டுவிடுகிறது. புது மெத்தை வாங்காமல் மேலே ஒரு டாப்பர் போட்டால் போதுமா, மெமரி ஃபோம் நல்லதா, லேடெக்ஸ் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்குப் பேருந்தில் வந்து, நாளெல்லாம் உட்கார்ந்து கணக்கு எழுதி, ஏறக்குறைய இதே வலியுடன் இரண்டு ஆண்டுகளைக் கழித்து, முதல் டாப்பரைத் தவறாகவும் இரண்டாவதைச் சரியாகவும் வாங்கியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மெத்தை அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தால் டாப்பர் உதவும். மெத்தை குழிந்திருந்தால் உதவாது. கடைக்காரர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. டாப்பர் என்பது இரண்டு முதல் நான்கு அங்குலக் கனமுள்ள ஓர் அடுக்கு மட்டுமே என்பதால், அடியில் இருக்கும் மெத்தை எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதே வடிவத்தில் அதுவும் வளைந்து படுத்துவிடும். இடுப்பு இறங்கும் பள்ளத்தின் மேல் மிருதுவான அடுக்கைப் போட்டால், பள்ளம் மிருதுவான பள்ளமாக மாறும். இடுப்பு முன்னைவிடக் கீழே போகும்.

எனக்கு நேர்ந்தது இதுதான். எங்கள் நார் மெத்தைக்கு அப்போது வயது ஒன்பது. இணையத்தில் பார்த்து நான்கு அங்குல மெமரி ஃபோம் டாப்பர் ஒன்றை வரவழைத்தேன். முதல் இரண்டு இரவுகள் சுகமாக இருந்தன. இரண்டாம் வாரம் படுக்கையிலிருந்து எழவே ஒரு பக்கமாகப் புரண்டு கையை ஊன்ற வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். டாப்பரையும் விரிப்பையும் எடுத்துவிட்டு, மெத்தையின் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடித்தோம். ஒரு முனை என் கையில், மறுமுனை என் மனைவியின் கையில். நான் படுக்கும் இடத்தில் நூலுக்கும் மெத்தைக்கும் இடையே மகனின் பள்ளி ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தபோது நான்கு சென்டிமீட்டர் காட்டியது. மனைவி படுக்கும் பக்கம் ஒன்றரைதான். யாரும் படுக்காத நடுப்பகுதி மேடாக நின்றது.

நீங்களும் இன்றே இதை அளந்து பாருங்கள். என் கணக்கில், இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் குழிவு இருந்தால் டாப்பருக்குச் செலவிடும் பணம் வீண். அதைப் புது மெத்தைக்குச் சேர்த்து வையுங்கள். குழிவு இல்லையென்றால் அடுத்த சோதனையாக, மெத்தையைத் தரையில் போட்டு நான்கைந்து இரவுகள் படுத்துப் பாருங்கள். வலி குறைந்தால் குற்றம் மெத்தையில் இல்லை, கட்டிலின் பலகையில் இருக்கிறது. நம் கடலோரக் காற்றின் ஈரத்தில் மலிவான பிளைவுட் சில ஆண்டுகளிலேயே நடுவில் தொய்ந்துவிடும். தச்சரை அழைத்துக் குறுக்குச் சட்டம் ஒன்று அடிக்கச் சொன்னால் முடிந்துவிடும் வேலை அது.

"முதுகு வலிக்குக் கட்டாந்தரைதான் மருந்து" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். 2003ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வொன்று இதற்கு மாறான முடிவைத் தந்தது. நாள்பட்ட கீழ் முதுகு வலியுள்ள 313 பேரில் ஒரு பகுதியினருக்குக் கெட்டியான மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தரக் கெட்டியுள்ள மெத்தையும் கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்ததில், நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலியும் அன்றாட முடக்கமும் கூடுதலாகக் குறைந்திருந்தன. ஆய்வு மெத்தையைப் பற்றியது, டாப்பரைப் பற்றியது அன்று. ஆயினும், குழியாத கெட்டி மெத்தையை டாப்பர் போட்டு நடுத்தரமாக்குவது பொருளுள்ள முயற்சி என்று நான் கருதுவதற்கு அதுவே காரணம்.

இனி மெமரி ஃபோமா, லேடெக்ஸா என்ற கேள்வி. குளிர்சாதனம் இல்லாத அறையில் படுப்பவர் என்றால், லேடெக்ஸ் என்பதே என் பதில். மெமரி ஃபோம் உடல் சூட்டில் இளகி உடலின் வடிவத்துக்கு அமுங்கும் பொருள். நாசாவின் பணிக்காக 1960களில் உருவாக்கப்பட்டது. கையை வைத்து அழுத்தி எடுத்தால் ஐந்து விரல்களின் தடமும் அப்படியே நின்று மெல்ல மெல்ல மேலெழும். தோள்பட்டையும் இடுப்பெலும்பும் உறுத்துகிறவர்களுக்கு இந்தக் குணம் இதமானதே. ஆனால் சூடு ஏற ஏற அது மேலும் இளகும், உடலின் சூட்டையும் வெளியே விடாது. அக்கினி நட்சத்திரத்தில் நள்ளிரவில் மின்சாரம் போன ஓர் இரவு, முதுகுக்கடியில் விரிப்பு நனைந்து ஒட்டிக்கொள்ள, சேற்றில் கால் புதைந்தவன்போல் புரளவும் முடியாமல் கிடந்த பின், மீதி இரவைக் கூடத்தில் கோரைப் பாயில் கழித்தேன். லேடெக்ஸ் ரப்பர் பாலில் செய்யப்படுவது. அழுத்தினால் உடனே திருப்பித் தள்ளும், புரண்டு படுக்க எளிது, குத்தப்பட்ட துளைகள் வழியே ஓரளவு காற்றும் போகும். விலை கூடுதல், எடையும் கூடுதல். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் மட்டும் இதைத் தவிர்க்க வேண்டும். இலவம் பஞ்சில் மெல்லிய மெத்தை தைத்துப் போடலாமா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. குளுமையாக இருக்கும், ஆனால் சில மாதங்களில் அமுங்கிக் கட்டி தட்டிவிடுவதால் முதுகைத் தாங்காது.

கனத்தைப் பொறுத்தவரை, மல்லாந்து படுப்பவருக்கு இரண்டு அங்குலம் போதும். ஒருக்களித்துப் படுப்பவரும் உடல் எடை கூடியவரும் மூன்று அங்குலம் வரை போகலாம். நான்கு அங்குலத்தை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடர்த்தி என்ற சொல்லில்தான் ஏமாற்று நடக்கிறது. ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை எத்தனை கிலோ என்பதே அடர்த்தி. பொருள் எத்தனை காலம் அமுங்காமல் உழைக்கும் என்பதை அது ஓரளவு காட்டும், கெட்டியா மிருதுவா என்பதைக் காட்டாது. மெமரி ஃபோம் என்றால் 50க்குக் குறையாமல் வாங்குவது நல்லது. அட்டையில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டியதில்லை, வீட்டிலேயே சரிபார்க்கலாம். 75க்கு 60 அங்குல அளவில், நான்கு அங்குலக் கனத்தில், 50 அடர்த்தியுள்ள டாப்பர் பதினான்கரை கிலோவுக்கு மேல் எடை இருக்க வேண்டும்; அதே அளவில் இரண்டு அங்குலம் என்றால் ஏழு கிலோவுக்கு மேல். என்னுடைய முதல் டாப்பரைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, பிறகு என் எடையைக் கழித்துப் பார்த்தேன்: எட்டரை கிலோ. அதாவது 50 என்று விற்கப்பட்டது 29 தான். திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு, உறையைப் பிரித்துவிட்டதால் முடியாது என்று அந்த விற்பனையாளர் மறுத்துவிட்டார். உறையைப் பிரிக்காமல் எப்படிப் படுத்துப் பார்ப்பது என்று கேட்டேன், பதில் வரவில்லை. ஆகவே, பிரித்துப் பயன்படுத்திய பிறகும் திருப்பித் தர எத்தனை நாள் அவகாசம் என்பதை எழுத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். வலி குறைகிறதா என்று தெரிய மூன்று வாரமாவது ஆகும்.

முடிந்தால் நேரில் கடைக்குச் சென்று, செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள். கடைப் பையன் சிரிப்பான், சிரிக்கட்டும். மல்லாந்து படுத்து, இடுப்பின் வளைவுக்கடியில் உள்ளங்கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் அது உங்களுக்குக் கெட்டி. நுழையவே இடமில்லாமல் உடல் அமிழ்ந்திருந்தால் மிருது. சற்று உரசிக்கொண்டு போனால் சரி. தச்சர் செய்த கட்டில்கள் கடை அளவுக்குப் பொருந்துவது அரிது என்பதால், மெத்தையின் நீள அகலத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள்; உள்ளூர் ஃபோம் கடைகளில் அந்த அளவுக்கே வெட்டித் தருவார்கள்.

மல்லாந்து படுக்கும்போது முழங்காலுக்கடியிலும், ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு இடையிலும் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். செலவில்லாத இந்த ஏற்பாடு எனக்குப் பாதி டாப்பருக்குச் சமமாக உதவியது. கால் மரத்துப்போவது, காலில் வலுக் குறைவது, காய்ச்சலுடன் கூடிய முதுகு வலி ஆகியவை இருந்தால் டாப்பர் தேடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால் அன்றே, அந்த மணி நேரமே, கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மருக்கோ அருகில் உள்ள பெரிய மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும்.

ஒன்றரை ஆண்டுக்கு முன் புது நார் மெத்தை ஒன்றும் அதன் மேல் இரண்டு அங்குல லேடெக்ஸும் வாங்கினேன். காலைப் பிடிப்பு இப்போது மாதத்தில் ஓரிரு நாள்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிப்பக்கம் பூசணம் பூக்காமலிருக்க, பத்து நாளுக்கொரு முறை டாப்பரைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து மின்விசிறியைப் போட்டுவிடுகிறேன். வெயிலில் மட்டும் போட்டுவிடாதீர்கள். இலவம் பஞ்சு மெத்தையை மொட்டைமாடியில் காய வைத்தே பழகிய என் அம்மா, நான் வேலைக்குப் போயிருந்த நாளில் இதையும் கொண்டுபோய்க் காய வைத்து, மாலை வரை விட்டுவிட்டார். உறை விலகியிருந்த ஒரு மூலை மஞ்சளாகி, சில வாரங்களில் கிள்ளினால் பொடிப் பொடியாக உதிர ஆரம்பித்தது. அந்த மூலையைக் கால்மாட்டுக்குத் திருப்பிப் போட்டு, மேலே கெட்டித் துணியில் உறை தைத்து மாட்டியிருக்கிறேன்.