இடது கை – கடிதம்

அன்புள்ள அக்கா,

அற்பமான விஷயம்தான், மன்னியுங்கள். சில மாதங்களாக வீட்டிலேயே நெயில் பாலிஷ் போட்டு அதன்மேல் ஃபாயில் ஒட்டிப் பழகுகிறேன். ஒட்டியதும் கண்ணாடி போல மின்னுகிறது. மேல்பூச்சாக டாப் கோட் போட்ட அடுத்த நிமிடமே சுருங்கி, விரிசல் விட்டு, சாயம்போன சுவர் மாதிரி ஆகிவிடுகிறது. டாப் கோட் போடாமல் விட்டால் ஒரே நாளில் உதிர்ந்துபோகிறது. என்ன தப்பு செய்கிறேன்? இடது கைக்கு நானே போட்டுக்கொள்வேன். வலது கைக்குத் தங்கை போட்டுவிடுவாள், என் இடது கை எதற்கும் ஆகாத கை. அவள் ஊரில் இல்லாத வாரங்களில் வலது கை வெறுமனே இருக்கும். அடிக்கடி பாலிஷ் போட்டால் நகம் மூச்சுவிட முடியாது, நடுவில் ஓய்வு கொடு என்று வீட்டில் சொல்கிறார்கள். வெள்ளைப் புள்ளிகள் வேறு வந்திருக்கின்றன. கால்சியம் குறைவாம். பேசாமல் ஜெல் பாலிஷுக்கு மாறிவிடலாமா? இதற்கெல்லாம் இவ்வளவு நேரம் செலவழிப்பது சரிதானா?

க.

அன்புள்ள க.,

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மறந்துவிடுவேன்.

ஃபாயில் என்று நீங்கள் வாங்கும் சுருள், மெல்லிய பாலியெஸ்டர் தாள். அதன் ஒரு பக்கத்தில் நிறப் படலமும், ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியமும் இருக்கும். பசையில் வைத்துத் தேய்த்துத் தாளை உரித்தால், தாள் உங்கள் கையோடு வந்துவிடும், நிறமும் உலோகமும் நகத்தில் தங்கிவிடும். அந்த உலோகப் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. சாதாரண டாப் கோட்டில் எத்தில் அசிட்டேட், பியூட்டில் அசிட்டேட் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. அவை உள்ளே இறங்கிப் பசையையும் பாலிஷையும் இளக்குகின்றன. அடித்தளம் நெகிழ்ந்து நகரும்போது மேலே இருக்கும் உலோகத்தால் கூடவே இழுபட முடியாது. விரிசல் விடுகிறது. அவ்வளவுதான். முதலில் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட டாப் கோட்டை மெல்லிசாக இரண்டு தடவை பூசி, நன்றாகக் காயவிடுங்கள். வழக்கமானது வேண்டுமென்றால் அதற்கு மேல் போட்டுக்கொள்ளலாம். தூரிகையை முன்னும் பின்னுமாக இழுக்காதீர்கள். ஃபாயில் பசை பூசும்போது வெள்ளையாக இருக்கும், கண்ணாடி மாதிரி தெளிந்த பிறகுதான் ஒட்ட வேண்டும். அவசரப்படுகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தின் கையெழுத்திலேயே தெரிகிறது. அடியில் இருக்கும் பாலிஷும் அப்படித்தான். மேல்பக்கம் ஆடை கட்டிக் காய்ந்ததுபோல் காட்டும், அடிவரை இறுக மணிக்கணக்காகும்.

நகம் மூச்சுவிடுவதில்லை. அது கெரட்டின் என்ற புரதம், உயிரற்ற செல்களின் அடுக்கு. வளர்வதற்கு வேண்டியதெல்லாம் தோலுக்கு அடியில் இருக்கும் வேருக்கு ரத்தத்தின் வழியாகப் போகிறது. நகத்துக்குக் கேடு செய்வது பாலிஷைவிட அதை எடுக்கும் விதம்தான். ஃபாயில் போட்ட நகத்தில் ரிமூவர் சீக்கிரம் இறங்காது. நனைத்த பஞ்சை ஐந்து நிமிடம் நகத்தின்மேல் பொதிந்து வையுங்கள். நீங்கள் சுரண்டுகிறீர்கள், இல்லையா? சுரண்டும்போது நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து வருகிறது. வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் சில வாரங்களுக்கு முன் நகத்தின் வேரில் பட்ட சின்ன அடி. வளர்ந்து நுனிக்குப் போனதும் வெட்டி எறியலாம்.

அற்பமான விஷயம் என்று இனி எந்தக் கடிதத்தையும் ஆரம்பிக்காதீர்கள். அற்பம் என்று நினைப்பவர் அதைப் பற்றி எழுத உட்காரமாட்டார். நேரம் சரியா தவறா என்பதற்கெல்லாம் என்னிடம் பதில் இல்லை. உங்கள் நேரம், உங்கள் நகம்.

இனி, நான் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்ட காரணத்துக்கு வருகிறேன்.

‘என் இடது கை எதற்கும் ஆகாத கை.’

மூன்று வாரமாக எனக்கு வலது கட்டைவிரல் மூட்டில் வலி. கொஞ்ச நாள் அந்தக் கைக்கு வேலை கொடுக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே மூடி திறப்பது, சாவி திருப்புவது, பக்கம் புரட்டுவது எல்லாம் இடது கைக்குப் போயிருக்கிறது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் கடிதம் வந்தது. படித்ததும் கோபம்தான் வந்தது. நானும் ஒரு காலத்தில் இதே வார்த்தையைச் சொல்லித் திரிந்தவள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

பல வருடங்களுக்கு முன் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. விழுவதற்கு முந்தின நாள்தான் பத்து விரலுக்கும் அடர்சிவப்பு பாலிஷ் போட்டிருந்தேன். கட்டுக்கு வெளியே ஐந்து சிவப்பு நகங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அதை அழித்துவிடுகிறேன் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள், நான் விடவில்லை. வீம்பு. கட்டுப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவளுக்கு வேறென்ன இருக்கிறது, தினமும் நகத்தைப் பார்ப்பதைத் தவிர? சிவப்பு மெல்ல மேலே நகர்ந்தது. அடியில் பிறை மாதிரி வெறும் நகம் தெரிந்தது, பிறை பட்டையானது. கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. வளரும், அசையாமல் கட்டிவைத்த கையில் இன்னும் மெதுவாக. என் வீட்டுச் சுவரில் நாள்காட்டி இருந்தது. ஆனால் அந்த ஆறு வாரத்தை நான் விரல் நுனியில்தான் எண்ணினேன்.

இதைவிடப் பெரிய பைத்தியம் ஒருவர் இருந்தார். வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர், 35 வருடங்கள் தன் நகம் வளர்வதை அளந்துகொண்டே இருந்தவர். நகத்தின் அடியில் ஒரு கோடு கீறுவார், அது நுனிக்கு வந்து சேரும் நாளைக் குறித்துக்கொள்வார். 32 வயதில் நாளொன்றுக்கு 0.123 மி.மீ. 67 வயதில் 0.095 மி.மீ. 1980 இல் அந்தக் கணக்கை வெளியிட்டார். வயதாக ஆக நகமும் தளர்ந்து நடக்கிறது என்பது அதிலிருந்து கிடைத்த செய்தி. எனக்குப் பிடித்தது வேறு. அந்த எண்கள் இரண்டும் அவருடைய இடது கைக் கட்டைவிரல் நகத்தின் எண்கள். ஒரு மனிதர் 35 வருடம் தன் இடது கையைக் கவனித்திருக்கிறார்! நீங்கள் உங்களுடையதை 35 நிமிடம் கவனித்ததுண்டா? பாலிஷ் காயும்வரை பார்த்திருப்பீர்கள், அது அலங்காரத்தைப் பார்ப்பது. கையைப் பார்ப்பதில் சேராது.

சரி, என் கதைக்கு வருகிறேன். முதல் வாரம் இடது கையால் எழுதியது எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்த மாதிரி இருந்தது. நாலாவது வாரம் எழுத்து படிக்கும்படி வந்தது. ஆனால் வாக்கியங்கள் குட்டையாகிவிட்டன. அடைமொழி ஒன்றுகூட இல்லை, அதற்கெல்லாம் அந்தக் கைக்குத் தெம்பு கிடையாது. அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு நண்பர்கள், நீ எழுதியதிலேயே இதுதான் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்ல. இருபது வருடம் வலது கையால் எழுதியவள் நான்.

கட்டு பிரித்த பிறகு வலது கை பாட்டிலைப் பிடிக்கக்கூட வணங்கவில்லை. எழுதக் கற்றுக்கொண்ட கைக்கு இது வராதா என்று பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இடது கையால் திறந்து, நுனியில் மிச்சமிருந்த சிவப்பை அழித்து, வாழ்க்கையில் முதல் முறையாக இடது கையால் வலது கைக்குப் பூசினேன். பாதி நகத்திலும் பாதி தோலிலும். யாரோ விரலைக் கதவில் நசுக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. ஆனால் விடவில்லை. அப்போது கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

இடது கை நடுங்குவதற்குக் காரணம், அதை அந்தரத்தில் தொங்கவிடுவது. முழங்கைகள் இரண்டையும் மேசையில் ஊன்றுங்கள். இடது கையின் சுண்டுவிரல் வலது கையைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். அப்புறம், தூரிகையை நகர்த்தாதீர்கள். தூரிகையை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன் அடியில் வலது கை விரலை நகர்த்துங்கள். வலது கைதான் கெட்டிக்காரக் கை ஆயிற்றே, அது நகரட்டும். நடுவில் ஒரு இழுப்பு, பக்கத்துக்கு ஒன்று, மொத்தம் மூன்று. ஓரத்தில் மயிரிழை அளவுக்கு இடம் விட்டால் விரல் மெலிந்து தெரியும், தோலிலும் படாது. பட்டதை ரிமூவரில் நனைத்த பட்ஸால் துடைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், முதலில் வலது கைக்குப் போடுங்கள். எல்லோரும் சுலபமான கையில் ஆரம்பிக்கிறார்கள். ஈரம் காயாத இடது கை நகங்களோடு அதே கையால் தூரிகை பிடித்தால் எந்தக் கைதான் உருப்படியாக வேலை செய்யும்? இடது கையை முதலில் அலங்கரித்து உட்காரவைத்துவிட்டு, பிறகு அதற்கு வேலை தெரியவில்லை என்கிறீர்கள்.

இதில் வேடிக்கை, நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் ஃபாயில் இருக்கிறதே, அது இடது கைக்கென்றே பிறந்த பொருள். பாலிஷுக்குக் கோடு சுத்தமாக வேண்டும். ஃபாயிலுக்கு அழுத்தம் மட்டும் போதும். நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு துண்டு வெட்டி, மின்னும் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, பட்ஸால் நன்றாகத் தேய்த்து, வெடுக்கென்று இழுத்தால் முடிந்தது. ஒட்டாத இடத்தில் இன்னொரு துண்டை வைத்துத் தேய்க்கலாம். அங்கங்கே கிழிந்து அடி நிறம் தெரிந்தால் வேண்டுமென்றே செய்த மாதிரிதான் இருக்கும். கருப்பு பாலிஷின்மேல் வெள்ளி ஃபாயிலைப் பிய்ந்தும் பியாமலும் ஒட்டிப் பாருங்கள், என் இடது கை அதில் என் வலது கையையே தோற்கடிக்கிறது. வலது கை ரொம்பச் சீராகச் செய்துவிடுகிறது.

ஜெல்லைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புற ஊதா விளக்கில் காட்டி இறுகவைத்த பிறகு ஜெல்லின் மேல் மிஞ்சும் பிசுபிசுப்பிலேயே ஃபாயில் ஒட்டிக்கொள்ளும், பசையே வேண்டாம், அது உண்மை. ஆனால் சரியாக இறுகாத ஜெல் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் அதில் இருக்கும் மெத்தக்ரிலேட்டுகள் என்ற வேதிப்பொருட்களுக்கு ஒவ்வாமை வரலாம். வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும். பல் அடைப்பதற்கும் அதே குடும்பத்துப் பொருட்களைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதால் தொல்லை நகத்தோடு நிற்காது. (நகத்துக்கும் பல் வைத்தியத்துக்கும் பழைய உறவு உண்டு. 1954 இல் ஃபிரெட் ஸ்லாக் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், உடைந்த தன் நகத்தைப் பல் வேலைக்கான அக்ரிலிக்கால் சரிசெய்தார். அச்சாக வைத்துக்கொண்டது ஒரு துண்டு அலுமினியத் தாள்.) தோலில் படாமல் பூசும் கை இருப்பவர்களுக்குத்தான் வீட்டில் ஜெல். உங்களிடம் அப்படிப்பட்ட கை ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் உங்கள் கூற்றுப்படி.

சித்திரமும் கைப்பழக்கம் என்கிறோம். எந்தக் கை என்று அதில் இல்லை. ஆகாத கை என்று ஒன்று கிடையாது, க. ஆகவிடாத கைதான் உண்டு. பிறந்ததிலிருந்து வேலை எதுவும் கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, ஒரே ஒரு நாள் தூரிகையைக் கொடுத்து, நடுங்கியதும் பிடுங்கித் தங்கையிடம் கொடுத்துவிட்டீர்கள். யார் மேலாவது இப்படி ஒரு தீர்ப்பு எழுதினால் நீங்களே சண்டைக்குப் போவீர்கள். உங்கள் கடிதத்தை வைத்துச் சொல்கிறேன், நீங்கள் அப்படிப்பட்டவர்தான். சொந்தக் கைக்கு மட்டும் அந்த நியாயம் இல்லையா?

கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். மூட்டுவலிக்காரியின் பேச்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிலை இடது கையின் இரண்டு விரல்களால் தட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் இரண்டு நாள் ஆகிறது.

அடுத்த முறை தங்கை ஊருக்கு வந்தால் உங்கள் வலது கையை நீட்டாதீர்கள். அவளை எதிரே உட்காரவைத்து, அவளுடைய நகங்களுக்கு உங்கள் இடது கையால் ஃபாயில் ஒட்டிவிடுங்கள். இத்தனை மாதம் அவள் உழைத்ததற்குக் கைம்மாறாகவும் இருக்கும். எப்படி வந்தது என்று எழுதுங்கள். அவள் என்ன சொன்னாள் என்பதையும்.

அன்புடன்,
அக்கா