சீதனக் காணிக்குக் கணவரின் கையெழுத்து ஏன்?

கேள்வி: அக்கா, யாழ்ப்பாணம் கோண்டாவிலில் சீதனமாக வந்த இரண்டு பரப்புக் காணி என் பெயரில் இருக்கிறது. மகளின் படிப்புக்காக விற்கப் போனால், கணவரின் கையொப்பம் வேண்டும் என்கிறார் காணி உறுதி எழுதும் நொத்தாரிசு. கணவர் எங்களை விட்டுப்போய் ஆறு வருஷம். நான் என்ன செய்ய?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, நொத்தாரிசு சொன்னது சரி. ஆனால் கதை அதோடு முடியவில்லை. தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு, உட்பட்டவர்களுக்கான 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவன் தன் காணியை விற்க அப்படி ஒன்றும் வேண்டாம். கொழும்புப் புதுக்கடை நீதிமன்றத்துக்கு நான் வரத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஓரவஞ்சனை என் நெஞ்சைக் குத்திக்கொண்டுதான் இருக்கிறது. பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1981இலேயே ஏற்றுக்கொண்டது. அப்படியிருந்தும் இது மாறவில்லை!

உங்களுக்கு வழி அதே சட்டத்தின் 8ஆம் பிரிவில் இருக்கிறது. கணவன் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து, அவர் கையொப்பம் இல்லாமலே விற்க அனுமதி கேட்கலாம். சீதன உறுதிப் பத்திரம், விவாகப் பதிவு, அவர் போனதற்கான சான்றுகள், மகளின் படிப்புச் செலவுக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

இன்னொன்று. மரணசாசனம் எழுத அவர் சம்மதம் தேவையே இல்லை. நகையை விற்கவும் அப்படித்தான். காணி விற்க முந்தி, மகள் பெயருக்கு ஒரு சாசனம் எழுதி வையுங்கள்.