வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்குகிறதா? வாட்டமும் வடிகாலும்: கேள்வி பதில்

மட்டம் பார்ப்பதும், தண்ணீர் ஓடத் தரைக்குச் சரிவு, அதாவது வாட்டம், கொடுப்பதுமாக 20 வருஷத்துக்கு மேல் ஓட்டியவன் நான். வீட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கிற தொல்லை பற்றி வந்த கேள்விகளுக்குக் கீழே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, மழை விட்டு இரண்டு நாள் ஆனாலும் கொல்லைப்பக்கச் சுவரோரம் தண்ணீர் வற்றுவதில்லை. உள்ளே சுவரில் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்கிறது. குழாய் பதித்து வெளியேற்றலாம் என்று இருக்கிறேன். எத்தனை அங்குலக் குழாய் வாங்க வேண்டும்?

பதில்: குழாயைப் பற்றி அப்புறம் பேசுவோம். அடுத்த முறை மழை நன்றாகப் பிடிக்கும்போது குடையை எடுத்துக்கொண்டு கொல்லையில் போய் நில்லுங்கள். ஒரு கைப்பிடி மரத்தூளைத் தண்ணீர்மேல் தூவி, அது எந்தப் பக்கம் மிதந்து போகிறது என்று பாருங்கள். கூரைக் குழாயிலிருந்து விழுந்து சுவரோரமே சுற்றுகிறதா, தோட்டத்திலிருந்து வீட்டை நோக்கி வருகிறதா, பக்கத்து மனையிலிருந்து இறங்குகிறதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

தரை வீட்டை நோக்கிச் சரிந்திருந்தால், சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் 6 அங்குலம் இறங்குகிற மாதிரி மண்ணைச் சரிசெய்யுங்கள். பார்க்கிறவர்களுக்கு அது சரிவாகவே தெரியாது, ஆனால் தண்ணீர் கண்டுபிடித்துவிடும். சிமென்ட் தளமாக இருந்தால் அடிக்குக் கால் அங்குலம் போதும். வழவழப்பான தளத்தில் தண்ணீர் தானே ஓடிவிடும். மண்ணிலும் புல்லிலும் தயங்கித் தயங்கித்தான் நகரும்.

வீடு புதிது என்றால் இன்னொன்று. கடைக்கால் தோண்டிக் கட்டிய பிறகு ஓரத்தில் தள்ளி மூடிய மண், முதல் சில மழைகளில் அமுங்கிச் சுவரைச் சுற்றி அகழி மாதிரி ஆகிவிடும். அப்போது வெளியே இருந்து மண் கொண்டுவந்து நிரப்ப வேண்டியதுதான். எதைச் செய்தாலும் மழையில் ஒரு தடவை பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: 10 அடிக்கு 6 அங்குலம் என்கிறீர்கள் அண்ணா. வீட்டில் ரசமட்டம்கூட இல்லை. எப்படி அளப்பது?

பதில்: ரசமட்டம் இருந்தாலும் இவ்வளவு தூரத்துக்கு நான் அதை நம்பமாட்டேன். 20 அடி நீளத்தில் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் டியூப் வாங்கிக்கொள்ளுங்கள். மேஸ்திரிகள் வைத்திருக்கும் டியூப் லெவல் அதுதான். தண்ணீரில் கொஞ்சம் துணிக்குப் போடும் நீலம் கலந்தால் கோடு பளிச்சென்று தெரியும். சுவரோரம் ஒரு குச்சி, 10 அடி தள்ளி இன்னொரு குச்சி. டியூபின் இரு முனைகளையும் குச்சிகளோடு சேர்த்துப் பிடியுங்கள். தண்ணீர் ஆடி அடங்கியதும் அது நிற்கும் இடத்தில் இரண்டு குச்சிகளிலும் கோடு போடுங்கள். அந்த இரு கோடுகளும் ஒரே மட்டம். கோட்டிலிருந்து தரை வரை அளந்தால், வெளிக்குச்சியில் 6 அங்குலம் கூடுதலாக வர வேண்டும்.

டியூபுக்குள் காற்றுக்குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆரம்ப காலத்தில் நான் அதைக் கவனிக்காமல் 2 அங்குலம் தப்பாக மட்டம் எடுத்து, போட்ட தளத்தை உடைத்துத் திரும்பப் போட்டேன். கூலி என் கையிலிருந்துதான் போனது.

கேள்வி: சுவரோரப் பள்ளத்தை நிரப்பத்தான் இரண்டு வண்டி மணல் கொட்டினேன். இப்போது மேலே தண்ணீர் தெரிவதில்லை. ஆனால் ஓதம் முன்பைவிட அதிகமாகிவிட்டது. ஏன்?

பதில்: தண்ணீர் எங்கும் போகவில்லை, மணலுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. மணல் தண்ணீரை உடனே கீழே விட்டுவிடும். கீழே பழைய களிமண் தரை வீட்டை நோக்கிச் சரிந்தபடியேதானே இருக்கிறது? சுவரோரம் ஒரு தொட்டி கட்டி அதை மணலால் மூடிய மாதிரி ஆகிவிட்டது. வெயில் படாததால் காயவும் காயாது.

மணலை அள்ளி வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் களி கலந்த மண்ணை 6 அங்குலம் 6 அங்குலமாகப் போட்டு, லேசாக ஈரப்படுத்தி, திமிசுக்கட்டையால் இடித்து வாட்டம் கொடுங்கள். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடுத்த மழைக்கே அமுங்கிவிடும். சுத்தமான களியும் வேண்டாம். காய்ந்தால் சுருங்கிச் சுவரோரம் வெடிப்பு விடும், அந்த வெடிப்பு வழியாகவே தண்ணீர் உள்ளே இறங்கும்.

மண்ணை எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கும் எல்லை உண்டு. பேஸ்மட்டத்தில் ஓதம் ஏறாமல் இருக்கப் போட்டிருக்கும் தடுப்புப் பட்டைக்குக் கீழே 6 அங்குலமாவது சுவர் வெளியே தெரிய வேண்டும். அதை மண்ணால் மூடினால் ஓதம் பட்டையைத் தாண்டி ஏறிவிடும். கரையானுக்கும் மறைவான பாதை கிடைத்துவிடும். உயர்த்த இடமில்லை என்றால் வெளிப்பக்கத்தைத் தாழ்த்துங்கள். வாட்டம் என்றாலே மண் போடுவது என்று நினைக்காதீர்கள், வெட்டி எடுப்பதும் வாட்டம்தான்.

கேள்வி: மாடியிலிருந்து வரும் மழைநீர் நேராகச் சுவரடியில் கொட்டுகிறது. ஒரு கூரையிலிருந்து அப்படி எவ்வளவு தண்ணீர் வந்துவிடும்?

பதில்: கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மாடியில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர். அதை இரண்டு மூன்று குழாய்கள் வழியாகக் கடைக்கால் தலையில் ஊற்றுகிறோம். குழாயின் கீழ்முனையில் ஒரு வளைவு மாட்டி 6 அடியாவது தள்ளி விடுங்கள். தண்ணீர் விழும் இடத்தில் ஒரு கல் பலகை போட்டால் மண் அரிக்காது. எல்லா வேலையிலும் மலிவானது இதுதான், அதிகம் பலன் தருவதும் இதுதான்.

கேள்வி: வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டு சுவருக்கும் இடையே 3 அடிதான் இருக்கிறது. 10 அடிக்கு எங்கே போவது?

பதில்: போக வேண்டாம். சந்துக்குச் சிமென்ட் தளமோ பேவர் பிளாக்கோ போட்டு, காம்பவுண்டு பக்கமாக முக்கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை இறக்குங்கள். அந்த ஓரத்தில் 4 அங்குல அகலத்துக்கு ஒரு வாய்க்கால். அந்த வாய்க்காலுக்கு நீளவாக்கிலும் வாட்டம் வேண்டும், 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம். இதைத்தான் மறப்பார்கள். குறுக்கே அழகாக இறக்கியிருப்பார்கள், வாய்க்காலோ தட்டையாகக் கிடந்து கொசு வளர்க்கும்.

பேவர் பிளாக் போடும்போது கல்லுக்கு மட்டும் வாட்டம் கொடுத்தால் பயனில்லை. அடியில் இருக்கும் தரைக்கும் கொடுக்க வேண்டும். இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர் அந்தத் தரைமேல்தான் ஓடும்.

கேள்வி: பிரெஞ்சு வடிகால் என்கிறார்களே, அது பிரான்சிலிருந்து வந்ததா? எங்கே போட வேண்டும்?

பதில்: பிரான்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹென்ரி ஃபிளாக் பிரெஞ்சு என்ற அமெரிக்க வழக்கறிஞர் விவசாய நிலங்களில் நீர் வடிப்பது பற்றி 1859இல் விரிவாக எழுதினார், அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

மண்ணுக்குள் ஊறி வரும் தண்ணீரைப் பிடிப்பது இதன் வேலை. மேலே ஓடுகிற தண்ணீருக்கு வாட்டமே போதும். மேட்டிலிருந்து மண்ணுக்கடியில் கசிந்து வந்து உங்கள் மனையைச் சதசதவென்று ஆக்குகிறது என்றால் மட்டும் இதைப் போடுங்கள். வீட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு அடி அகலம், ஒன்றரை முதல் இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் எடுங்கள். அடியில் 100 அடிக்கு ஒரு அடி என்ற கணக்கில் வாட்டம். பள்ளம் முழுவதும் வடிகட்டித் துணியை விரித்து, 2 அங்குலம் ஜல்லி, அதன்மேல் 4 அங்குலத் துளைக்குழாய், மறுபடி ஜல்லி. கடைசியில் துணியை மேலே மடித்து மூடிவிட்டு மண் போடலாம். துணி இல்லாவிட்டால் மண் துகள் உள்ளே புகுந்து சில வருஷங்களில் அடைத்துவிடும்.

ஜல்லியைக் கழுவிப் போடுங்கள். கிரஷர் தூசியோடு அப்படியே கொட்டினால் அந்தத் தூசியே துணியை அடைத்துவிடும். முக்கால் அங்குல ஜல்லி சரியாக இருக்கும். மாடிக் குழாயைக் கொண்டுபோய் இந்தத் துளைக்குழாயில் சேர்க்காதீர்கள். வடிக்க வைத்த குழாயே மண்ணுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிடும். கூரை நீருக்குத் துளையில்லாத தனிக் குழாய். அப்புறம், கடைக்கால் ஓரத்தில் அதன் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிவிட வேண்டாம்.

கேள்வி: அந்தத் துளைகள் மேலே பார்க்க வேண்டுமா, கீழே பார்க்க வேண்டுமா? கொத்தனார் மேலே என்கிறார்.

பதில்: கீழே. தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கி அடியிலிருந்துதான் மட்டம் ஏறும். துளை கீழே இருந்தால் கொஞ்சம் ஏறியதுமே குழாய்க்குள் போய்விடும். மேலே இருந்தால் குழாயின் தலை மூழ்கும் வரை காத்திருக்க வேண்டும்.

கேள்வி: வடிக்கிற தண்ணீரை வெளியே விட மனசில்லை. ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழத்துக்குக் குழி வெட்டிக் கல் நிரப்பி அதில் விட்டால் 1,000 லிட்டர் பிடிக்கும் அல்லவா?

பதில்: நல்ல எண்ணம், ஆனால் கணக்கில் கல்லை மறந்துவிட்டீர்கள். கல் நிரப்பிய குழியில் தண்ணீருக்குக் கிடைப்பது இடுக்குகள் மட்டும்தான். 350, 400 லிட்டர் பிடித்தால் அதிகம். மாடியிலிருந்து 5,000 லிட்டர் வருகிற இடத்தில் அது எம்மாத்திரம்? மீதி எங்கே வழிய வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்து ஒரு வழிவு வாய் வைத்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால் மண் குடிக்கிறதா என்று பாருங்கள். ஒரு அடி ஆழத்துக்குக் குழி எடுத்துத் தண்ணீர் ஊற்றி முழுக்க வற்ற விடுங்கள். காய்ந்த மண் முதல் தடவை ஆவலாக இழுக்கும், அதை நம்பக் கூடாது. இரண்டாம் தடவை ஊற்றி, ஸ்கேல் நட்டு, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குறியுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் என்றால் தாராளமாகக் குழி போடலாம். அரை அங்குலத்துக்கும் கீழே என்றால் அந்த இடத்தில் குழி வெறும் சேற்றுத்தொட்டிதான். எப்படியும் வீட்டிலிருந்து 15 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

கேள்வி: மழைநீரைச் செப்டிக் டேங்கில் விடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஒரே மழையில் டேங்க் நிரம்பி, அடியில் படிந்த கசடு கலங்கி வெளியே வந்துவிடும்.

கேள்வி: தோட்டத்தில் பெரிய மாமரம் இருக்கிறது. வாட்டம் கொடுக்க அதன் அடியில் ஒரு அடி மண் போட வேண்டியிருக்கிறது.

பதில்: போடாதீர்கள் அம்மா. மரத்துக்கு உணவெடுக்கும் சிறு வேர்களில் பெரும்பாலானவை மேல் ஒன்றரை அடிக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றுக்குக் காற்று வேண்டும். மேலே மண் ஏறினால் மூச்சு முட்டி, மரம் இரண்டு மூன்று வருஷத்தில் மெல்ல வாடும். அடிமரத்தைச் சுற்றி மண் குவிந்தால் பட்டை அழுகும். கிளை நிழல் விழும் பரப்பை விட்டுவிட்டு, அதைச் சுற்றி அகலமான ஆழமில்லாத ஓடை ஒன்றை வளைத்து விடுங்கள். பக்கச் சரிவு படுத்த மாதிரி இருக்கட்டும், 3 அடிக்கு ஒரு அடி. புல் வளர்த்தால் கரை அரிக்காது.

கேள்வி: மேட்டு மனையைத் தாங்க 4 அடிச் சுவர் கட்டினோம். ஒரே மழைக்காலத்தில் வெளிப்பக்கம் வயிறு தள்ளிவிட்டது. செங்கல் வேலை சரியில்லையா?

பதில்: சுவரில் துளை விட்டார்களா என்று முதலில் பாருங்கள். சுவருக்குப் பின்னால் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், அடியில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் அழுத்தம். அது மண் தள்ளுவதற்கும் மேலே. சுவரின் பின்பக்கம் ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பி, அடிப்பக்கத்தில் ஒன்று ஒன்றரை மீட்டருக்கு ஒரு கசிவுத் துளை விட வேண்டும். ஏற்கெனவே வயிறு தள்ளிய சுவருக்கு இப்போது துளை போட்டு ஒப்பேற்ற முடியாது. பின்னாலிருக்கும் மண்ணை இறக்கிவிட்டு ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

கேள்வி: தெருவை உயர்த்திப் போட்டதில் எங்கள் வீட்டு வாசல் தாழ்ந்துவிட்டது. எந்தப் பக்கமும் வடிய வழியில்லை.

பதில்: இதற்கு வாட்டம் மட்டும் போதாது. கேட் ஓரம் குறுக்கே கம்பி மூடி போட்ட வாய்க்கால் வைத்து, தெருத் தண்ணீர் உள்ளே வருவதை முதலில் நிறுத்துங்கள். கேட்டுக்கு வெளியே 3, 4 அங்குலத்துக்கு ஒரு மேடும் உதவும். உள்ளே விழும் மழைநீரை எல்லாம் வீட்டிலிருந்து தள்ளி ஒரே மூலைக்குக் கொண்டுவந்து சிறு சம்ப் கட்டி, மிதவை சுவிட்சோடு ஒரு பம்ப் வைக்க வேண்டியதுதான். சம்புக்கு முன்னால் ஒரு வண்டல் தொட்டி இருந்தால் பம்ப் பிழைக்கும். தெரு வடிகாலோடு குழாய் சேர்த்தால் ஒருவழி வால்வு கட்டாயம், இல்லாவிட்டால் தெருத் தண்ணீர் அதே குழாயில் திரும்பி வரும். கனமழையில்தான் மின்சாரம் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: ஐயா, முதல் கேள்வி கேட்டவன்தான். நேற்று மழையில் குடையோடு நின்றேன். மரத்தூள் தோட்டப் பக்கத்திலிருந்து வரவே இல்லை. மாடிக்குழாய் தரைக்கு ஒரு அடி மேலே உடைந்திருக்கிறது, சுவரோடு ஒட்டியே கொட்டுகிறது. செடி மறைத்ததால் இத்தனை நாள் தெரியவில்லை.

பதில்: பார்த்தீர்களா! உடைந்த துண்டை மாற்றி, முன்பு சொன்ன மாதிரி 6 அடி தள்ளி விடுங்கள். செடியையும் சுவரிலிருந்து இரண்டடி நகர்த்துங்கள். சுவர் காயச் சில மாதம் ஆகும், அதுவரை சுண்ணாம்பு அடிக்க வேண்டாம். அடுத்த மழையில் இன்னொரு கைப்பிடி மரத்தூள் தூவிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.