‘ஹிப்போ’ வந்தாலே குதிரையா?

கேள்வி: போட்டித் தேர்வுக்கு ஆங்கில வேர்ச்சொற்கள் படிக்கிறேன். ‘ஹிப்போ’ என்றால் கிரேக்கத்தில் குதிரையாம். அப்படியென்றால் ஹிப்போபொட்டமஸில் குதிரை எப்படி வந்தது? வேஷக்காரனைக் குறிக்கும் ஹிப்போக்ரிட்டிலும் குதிரை இருக்கிறதா?

பதில்: முதலாவதில் உண்டு, இரண்டாவதில் இல்லை. கிரேக்கத்தில் ‘ஹிப்போஸ்’ குதிரை, ‘பொட்டமோஸ்’ ஆறு. நாம் நீர்யானை என்கிறோம்; நமக்கு யானையாகத் தெரிந்த விலங்கு அவர்களுக்கு ஆற்றுக் குதிரையாகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஹிப்போக்ரிட் விஷயத்தில் காதை நம்பினால் ஏமாறுவீர்கள். எழுத்துக்கூட்டைப் பாருங்கள். குதிரை இருக்கும் சொல்லில் ‘ஹெச்’சுக்கு அப்புறம் ‘ஐ’ வரும், ‘பி’ இரண்டு வரும். ஹிப்போக்ரிட்டில் ‘ஒய்’, ஒரே ஒரு ‘பி’. அது ‘கீழே’ என்று பொருள்படும் ‘ஹைப்போ’. தோலுக்கு அடியில் போடும் ஊசியை ஹைப்போடெர்மிக் என்பதும் இதனால்தான். ஹிப்போக்ரிட்டின் மூலச்சொல்லுக்குக் கிரேக்கத்தில் மேடை நடிகன் என்று பொருள். ஆனால், மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் இருப்பது அசல் குதிரையேதான்.

ஹிப்போட்ரோம் என்றால் குதிரைப் பந்தயத் திடல். ‘ட்ரோமோஸ்’ என்பது ஓட்டம், ஓடுகளம். இதைப் பிடித்துக்கொண்டால் சைக்கிள் பந்தயத்துக்கான வெலோட்ரோமும் கைக்கு வரும். பல நோய்க்குறிகள் சேர்ந்து ஓடிவருவதுதான் சின்ட்ரோம். மூளையில் நினைவாற்றலுக்கு முக்கியமான பகுதி ஹிப்போகேம்பஸ். வடிவம் கடல்குதிரை மாதிரி இருக்கிறதென்று 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூற்றியலாளர் அரான்சி வைத்த பெயர் அது.

குதிரை சொல்லின் வாலிலும் வரலாம். புதைபடிவத்தில் கிடைத்த ஆதிக் குதிரை ஈயோஹிப்பஸ், ‘ஈயோஸ்’ விடியல். பிலிப் என்ற பெயருக்குக் குதிரைப் பிரியன் என்று அர்த்தம். பிலிப்பைன்ஸ் நாடு ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் பெயரால் வந்தது. அதை எழுதும்போது ‘எல்’லை இரட்டித்துப் பலர் மார்க்கை விடுகிறார்கள். இரட்டிப்பது ‘பி’தான், அது ஹிப்போஸின் ‘பி’.

‘ஈக்வைன்’, ‘ஈக்வெஸ்ட்ரியன்’ ஆகியவையும் குதிரைச் சொற்களே, ஆனால் லத்தீன் வழி வந்தவை. வேர் ‘எக்வுஸ்’. கிரேக்க வேர் எது என்று கேட்டால் இவற்றைத் தொடாதீர்கள். ஈக்வேட்டரில் குதிரையே கிடையாது. அது சமம் என்று பொருள்படும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.